மறுமொழி: ‘டெக்னாலஜி அடாப்ஷன்’ – ஏற்பு போதாது, ‘கைக்கொள்ளல்’ வேண்டும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். டிஜிட்டல் தொழில்நுட்பம், தொழில்முனைவு, பணியிட மேலாண்மை ஆகியவற்றைச் சேர்த்து ஆராயும் கட்டுரைகளைத் தமிழில் எழுதும்போது, புதிய கருவியையோ முறையையோ எடுத்துப் பயன்படுத்தத் தொடங்குவதைக் குறிக்கும் ‘அடாப்ஷன்’ என்பதை எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு ஏற்பு, தழுவல், தத்தெடுப்பு ஆகிய மூன்றும் வந்திருக்கின்றன. நான் ‘கைக்கொள்ளல்’ என்பதை முன்மொழிகிறேன்.

தத்தெடுப்பை உடனே ஒதுக்கிவிடலாம்; அது பிள்ளைக்கு உரிய சொல். தழுவல் என்றதும் நாவலைத் தழுவிய நாடகம்தான் நினைவுக்கு வருகிறது. ‘அடாப்டேஷன்’, அதாவது சூழலுக்கேற்ப மாற்றியமைத்தல், இதே துறையில் தனிக் கருத்தாக வருவதால் அந்தச் சொல்லை அதற்கே விட்டுவைப்போம்.

‘ஏற்பு’ அவ்வளவு எளிதில் தள்ளக்கூடியதல்ல. சிறிய சொல், பலருக்கும் பழகிய சொல். ஆனால் மனம் ஒப்புவதைக் குறிக்கும் ‘அக்செப்டன்ஸ்’ என்பதற்கும் அதுதான் இயல்பான தமிழ். ஃபிரெட் டேவிஸ் 1989இல் விளக்கிய தொழில்நுட்ப ஏற்பு மாதிரி, ஒரு கருவி பயன் தரும், கையாள எளிது என்று ஒருவர் கருதுவதிலிருந்து அதைப் பயன்படுத்தும் விருப்பம் எப்படிப் பிறக்கிறது என்று பார்க்கிறது. எவரெட் ராஜர்ஸ் 1962இல் வெளியிட்டுப் பின்னர் செப்பனிட்டுவந்த, புதுமைகள் மக்களிடையே எப்படிப் பரவுகின்றன என்று விளக்கும் பரவல் கோட்பாட்டிலோ, அறிதல், மனம் இணங்குதல், முடிவெடுத்தல், செயற்படுத்துதல், எடுத்த முடிவை உறுதிப்படுத்திக்கொள்ளுதல் என்று ஒரு பயணமே இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் “ஏற்பு இருந்தும் ஏற்பு நிகழவில்லை” என்று எழுத நேரும்.

கருத்தாய்வுக்கு வினாப்பட்டியல் தயாரிப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. விடைகளில் ‘முற்றிலும் ஏற்கிறேன்’ முதல் ‘முற்றிலும் ஏற்கவில்லை’ வரை வைக்கிறோம். “எங்கள் நிறுவனம் புதிய மென்பொருளை ஏற்றுள்ளது” என்ற கூற்றுக்குக் கீழே “ஏற்கவில்லை” என்று ஒருவர் குறித்தால், அவர் மறுப்பது கூற்றையா, மென்பொருளையா? தரவு அங்கேயே குழம்பிவிடுகிறது.

கைக்கொள் என்ற வினை நமக்குப் புதிதல்ல. கொள்கையைக் கைக்கொள்கிறோம், நோன்பைக் கைக்கொள்கிறோம். தமிழ் விவிலியத்தில் கட்டளைகளைக் கைக்கொள்வதும் இந்தச் சொல்தான். இங்கெல்லாம் ஒருமுறை சம்மதிப்பதோடு விஷயம் முடிவதில்லை. எடுத்துக்கொண்டதைத் தொடர்ந்து நடத்துவதும் பொருளில் அடங்கியிருக்கிறது. ராஜர்ஸின் கடைசிப் படிகள் கேட்பது அதைத்தான். இந்தச் சொல்லுக்குக் குடும்பமும் இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. எடுத்துக்கொள்வது கைக்கொள்ளல், அன்றாடம் பயன்படுத்துவது கையாளல், பாதியில் நிறுத்துவது கைவிடல். ‘டிஸ்கன்டினியுவன்ஸ்’ என்பதற்குத் தனியாகச் சொல் தேட வேண்டியதில்லை. கைக்கொள்ளாமை, கைக்கொள்ளல் வீதம், முந்திக் கைக்கொள்வோர் என்று மற்றவையும் இடறாமல் அமைகின்றன. சொல் நீளம் என்ற குறை உண்மைதான். தெளிவுக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பணியிடத்துக்கு வரும்போது இந்த வேறுபாடு இன்னும் முக்கியமாகிறது. அங்கே முடிவெடுப்பவர் ஒருவர், பயன்படுத்துபவர் வேறொருவர். வெங்கடேஷ் முதலியோர் 2003இல் முன்வைத்த, தொழில்நுட்ப ஏற்பையும் பயன்பாட்டையும் விளக்கும் ஒருங்கிணைந்த மாதிரி, பயன்பாடு தன்விருப்பமா கட்டாயமா என்பதைத் தனியாகவே கணக்கில் எடுக்கிறது. நிர்வாகம் ஒரு மென்பொருளை வாங்கிவிட்டது. பார்வையற்ற ஊழியர் அதை மனதார வரவேற்கிறார். ஆனால் பொத்தான்களுக்குப் பெயரிடப்படாததால் திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் அவருடைய திரைவாசிப்பானால் அவை எதற்கானவை என்று சொல்ல முடிவதில்லை. ஏற்பு முழுமையாக இருக்கிறது, கைக்கொள்ளல் நிகழவில்லை. குறை அவரிடம் இல்லை என்பதை இந்த இரண்டு சொற்களால் சொல்லிவிட முடிகிறது. இதே காரணத்தால் ‘லாகர்ட்ஸ்’ என்ற பிரிவைப் பின்தங்கியோர் என்று எழுத எனக்கு மனமில்லை. புதுமையை எவ்வளவு விரைவாகக் கைக்கொள்கிறார்கள் என்பதை வைத்து ராஜர்ஸ் செய்த பகுப்பில் கடைசி 16 விழுக்காட்டினர் அவர்கள். கருவியே தடுத்ததால் தாமதித்தவர்களும் அதில் இருக்கக்கூடும். அவர்கள்மீது பெயரிலேயே பழி விழக் கூடாது. ‘பிந்திக் கைக்கொள்வோர்’ என்பது அதற்கு முந்தைய பிரிவான ‘லேட் மெஜாரிட்டி’க்குப் போய்விடும் என்பதால், இவர்களை ‘இறுதியில் கைக்கொள்வோர்’ என்று சொல்லலாம்.

தொழில்முனைவு, தொழில்முனைவோர் நன்றாக நிலைத்துவிட்டன. அவற்றைத் தொட வேண்டாம்.

பணியிட மேலாண்மை பற்றி எழுதும்போது, எவரையும் விலக்காத என்ற பொருளில் வரும் ‘இன்க்ளூசிவ்’ என்பதற்கு வழங்கும் ‘உள்ளடக்கிய’ எனக்கு நெருடுகிறது. உள்ளடக்கம் பெட்டிக்கும் நூலுக்கும் பொருந்தும். மனிதர்களைப் பற்றிப் பேசும்போது அதற்குள் இருக்கும் ‘அடக்கு’ முன்னால் வந்து நிற்கிறது. லின் ஷோரும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் தந்த விளக்கத்தின்படி, குழுவில் ஒருவராக உணர்வதும் தன் தனித்தன்மை மதிக்கப்படுவதும் ஒருசேர வேண்டும். அடக்கிக்கொள்வதில் இரண்டாவது காணாமல்போகிறது. அரவணைப்பு அன்பான சொல், ஆனால் கொடுப்பவர் மேலே, பெறுபவர் கீழே என்றாகிவிடுகிறது. ஆகவே ‘அனைவருக்குமான பணியிட மேலாண்மை’ என்று எழுதலாம். பெயர்ச்சொல்லாக ‘இன்க்ளூஷன்’ வரும் இடத்துக்கு இது உதவாது. ‘உட்சேர்ப்பு’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன், சேர்ப்பவர் யார் என்ற கேள்வி அதிலும் எஞ்சி நிற்கிறது. இதைவிட நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள். ‘கைக்கொள்ளல்’ பற்றி மறுப்பு இருப்பவர்கள், ஏற்பு, கைவிடல் இரண்டும் ஒரே பத்தியில் வரும் எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு எழுதினால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.

அன்புடன்