டர்போவுக்குப் போகும் தண்ணி லைன்: தமிழில் என்ன போடுவது?

பாடநூல்:
அனைவருக்கும் வணக்கம். ஆட்டோமொபைல் டிப்ளமா இரண்டாம் ஆண்டுச் செய்முறைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒன்பதாம் பாடம், காரின் டர்போவுக்கு, அதாவது வெளியேறும் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போசார்ஜருக்கு, தண்ணீர் லைன் கொடுக்க வேண்டுமா, வேண்டாமா என்பது. லைனுக்குக் 'குளிர்நீர்க் குழாய்' என்றும், டர்போசார்ஜருக்குச் 'சுழலூட்டி' என்றும் எழுதியிருக்கிறேன். சரிதானா?

ஸ்பானர், கப்பலூர்:
குளிர்நீர் என்று போடாதீர்கள் அண்ணே. அதில் ஓடுவது 90 டிகிரிக் கூலண்ட், எஞ்சின் சூட்டை இறக்கச் சுற்றும் மருந்து கலந்த தண்ணீர். பெயரை நம்பிப் பையன் சூட்டோடு லைனைக் கழற்றினால் கை வெந்துபோகும்.

வேலையும் வேறு. வண்டி ஓடும்போது டர்போவின் நடுக்கூட்டில், அதாவது ஷாஃப்டும் பேரிங்கும் இருக்கும் நடுப்பகுதியில், ஏறும் சூட்டைப் பெரும்பாலும் ஆயிலே கொண்டுபோய்விடும். தண்ணி லைனின் முக்கிய வேலை எஞ்சினை அணைத்த பிறகுதான். கொடைக்கானல் மலையேறி, டீக்கடையைக் கண்டதும் நிறுத்திச் சாவியைத் திருப்புகிறார்கள். ஆயில் பம்ப் நின்றுபோகும். பெட்ரோல் எஞ்சினில் புகைச்சூடு 900 டிகிரியைத் தாண்டும். புகை பாயும் டர்பைன் கூட்டில் ஏறிய அந்தச் சூடு ஷாஃப்ட் வழியாக பேரிங்குக்கு வரும். அங்கே தங்கிய ஆயில் கருகும். இதுவே வழக்கமானால் கரி ஆயில் வழியை அடைக்கும், பேரிங் தேயும், சீல் வளையம் கெடும், சைலன்சரில் நீலப்புகை வரும். தண்ணி லைன் இருந்தால் கூட்டுக்குள் சூடேறிய தண்ணீர் மேலே போகும், கீழிருந்து வேறு தண்ணீர் அந்த இடத்துக்கு வரும். பம்ப் ஓடாமலே கொஞ்ச நேரம் சுற்றும்.

புலவர்:
அருமையான விளக்கம் தம்பி. இதிலேயே சொல் கிடக்கிறது. குளிர்வது வேறு, ஆறுவது வேறு, தணிவது வேறு. கோபம் தணியும், தாகம் தணியும், காய்ச்சல் தணியும். ஏறி நிற்கும் ஒன்று இறங்குவதே தணிதல். 'தணிநீர்' என்று வையுங்கள்.

குழாய்க்கும் மதுரையிலேயே பழஞ்சொல் உண்டு: சுருங்கை. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் கோவலன் அகழியை ஒட்டிய சுருங்கை வீதி வழியாகத்தானே நகருக்குள் நுழைகிறான்? சுருங்கு என்ற வேரிலிருந்து வந்தது, ஒடுங்கிய வழி. வைகை நீர் நிலத்தடிக் கால்வாயில் தெப்பக்குளத்துக்குப் போவதும் ஒரு சுருங்கைதான். 'தணிநீர்ச் சுருங்கை' எவ்வளவு பொருத்தம்!

தனித்தமிழ்:
ஐயா பொறுத்தருள வேண்டும். வடமொழியில் சுருங்கா என்று ஒன்று உண்டு. அது குழலைக் குறிக்கும் கிரேக்க சிரிங்ஸிலிருந்து வந்தது என்று ஆய்வாளர் சிலர் சொல்வார்கள். சிரிஞ்சும் அதே வேர்தான். ஐயம் தீராத சொல்லைக் கையேட்டில் ஏற்றுவானேன்? 'தூம்பு' இருக்கிறது. தூய தமிழ், உள்துளை உடையது என்று பொருள்.

புலவர்:
கோவலன் நடந்த தெருப் பெயருக்கே கடவுச்சீட்டுக் கேட்கிறீர்கள். சுருங்கு என்ற வினை தமிழில் உயிரோடு இருக்கும்போது ஏதென்ஸ்வரை போவானேன்?

ஸ்பானர்:
கிரேக்கமோ கீழமாசி வீதியோ, கடையில் போய் 'சுருங்கை கொடு' என்றால் சுருங்கிய ஹோஸைத்தான் எடுத்துக் கொடுப்பான். குழாய் போதும்.

கண்மாய்க்கரை:
உள்ளே போகிற முனைக்கும் வெளியே வருகிற முனைக்கும் என்ன பெயர்? 'உள்ளீடு, வெளியீடு' என்று எழுதினால் கம்ப்யூட்டர் பாடம் ஆகிவிடும். நம் பக்கம் கண்மாய்க்கு வரத்து, போக்கு என்பதுதான் பேச்சு. அதையே வைக்கலாம்.

ஆய்வகம்:
வரத்து, போக்கு இரண்டும் நன்று. ஒரு எச்சரிக்கை மட்டும். கண்மாயில் வரத்து மேட்டிலிருந்து வரும், மடை பள்ளத்தில் இருக்கும். டர்போவில் தலைகீழ்: வரத்து கீழ்த்துளையில், போக்கு மேல்துளையில். இரண்டு துளையும் ஒரே மட்டத்தில் இருந்தால் நடுக்கூட்டை ஏறக்குறைய 20 டிகிரி திருப்பி ஒன்றை உயர்த்த வேண்டும். அப்படித் திருப்பும்போது ஆயில் வடிகால் நேர்கீழிலிருந்து 35 டிகிரிக்கு மேல் சாயக்கூடாது. போக்குக் குழாய் ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் மேடுபள்ளம் இருந்தால் காற்று தங்கும், சுழற்சி நிற்கும்.

வரத்தை எஞ்சின் பிளாக்கிலிருந்து எடுக்க வேண்டும். சிலர் சுலபம் என்று ஹீட்டர் லைனில் வெட்டிச் சேர்ப்பார்கள். அந்த லைனில் வால்வு இருந்தால் மூடியபோது டர்போவுக்கும் தண்ணீர் வராது. மதுரை வெயிலில் ஹீட்டரை யார் திறப்பார்?

இணைப்பு பேன்ஜோ போல்ட், உள்ளே தண்ணீர் போகத் துளை உள்ள போல்ட். ஒவ்வொன்றுக்கும் இரண்டு செம்பு வாஷர், கழற்றினால் புதிதுதான். பழையதையே போட்டால் கசியும். ஹோஸ் கூலண்டுக்கான ரப்பராக இருக்கட்டும். பெட்ரோல் ஹோஸ் இதற்கு ஆகாது. போர் தண்ணீர் அறவே கூடாது, உப்புப் படிந்து துளையைச் சின்னதாக்கும். கூலண்டும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி. மாட்டி முடித்ததும் ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றி, ஆறியபின் அளவைப் பார்த்து நிரப்ப வேண்டும்.

பாடநூல்:
நன்றிம்மா, இதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். பாடத்தின் தலைப்புக் கேள்விக்கு ஒரு வரியில் பதில்? எல்லா டர்போவுக்கும் வேண்டுமா?

ஸ்பானர்:
ஒரு வரியில் வராது. பால் பேரிங் டர்போவில் தண்ணீர்த் துளை இருந்தால் லைன் கட்டாயம். குண்டுகள் இல்லாத சாதா புஷ் பேரிங், பெட்ரோல் வண்டி, துளை இருக்கிறது: கொடுத்துவிடுங்கள், அடைப்பான் போட்டு மூடாதீர்கள். டீசலில் புகைச்சூடு குறைவு. துளையே இல்லாமல் ஆயிலை மட்டும் நம்பி வரும் டர்போ நிறைய உண்டு, அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம். ஆனால் இழுத்து ஓட்டிய வண்டியை அணைக்கும் முன் ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில் விட வேண்டும். லைன் இருக்கிற வண்டிக்கும் அது நல்லதுதான்.

தனித்தமிழ்:
'தணிநீர்' இலக்கணப்படி நிற்காது. தணிந்த நீர், தணிகிற நீர் என்றுதான் விரியும். நீரா தணிகிறது? சூட்டையல்லவா நீர் தணிக்கிறது! 'தணிப்புநீர்' என்பதே முறை.

புலவர்:
அப்படியானால் 'குடிநீர்' எப்படி நிற்கிறது? நீரா குடிக்கிறது? குடித்த, குடிக்கிற, குடிக்கும் என்று விரிகிறதல்லவா? தணித்த, தணிக்கிற, தணிக்கும் நீர் மட்டும் ஏன் விரியாது?

தனித்தமிழ்:
குடிநீரில் நீர் செயப்படுபொருள். இங்கே அது கருவி. இரண்டும் ஒன்றல்ல.

ஆய்வகம்:
ஐயாமார் இருவரும் மன்னிக்க வேண்டும். அரையாண்டுத் தேர்வுத்தாளில் எந்தச் சொல்லை எழுதினாலும் மதிப்பெண் போடுவேன். பையன்கள் எப்படியும் 'தண்ணி லைன்' என்றுதான் எழுதப்போகிறார்கள்.

கண்மாய்க்கரை:
சுழலூட்டியைப் பற்றி யாருமே பேசவில்லையே?

ஸ்பானர்:
ஊட்டி என்றால் பையன் பஸ் ஏறிவிடுவான். டர்போ டர்போவாகவே இருக்கட்டும்.

பாடநூல்:
மணி பதினொன்று. 'தணிநீர்க் குழாய்' என்பதற்கு மூவர், 'தணிப்புநீர்' ஒருவர், ஆய்வகம் நடுநிலை. முதல் முறை வரும் இடத்தில் 'தணிநீர்க் குழாய், பட்டறைப் பேச்சில் தண்ணி லைன்' என்று சேர்த்துப் போடுகிறேன். வரத்து, போக்கு இருக்கும். டர்போ மாறாது. சுருங்கைக்கு இந்தப் பதிப்பில் இடமில்லை, ஐயா மன்னிக்க வேண்டும்.

தனித்தமிழ்:
என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். தணிப்புநீர்த் தூம்பு.

புலவர்:
அடுத்த பதிப்பு வராமலா போகும்?

ஸ்பானர்:
அண்ணே, சொல்லை விடுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் அம்புக்குறி தலைகீழாக இருக்கிறது. வரத்தை மேல்துளையில் காட்டியிருக்கிறார்கள். அச்சுக்குப் போகும் முன் அதை மாற்றிவிடுங்கள்.