45 நிமிட டபாட்டா, மொட்டை மாடி ஜூம்பா: குழு வகுப்புகளால் உடம்புக்கு என்ன கிடைக்கிறது?

காலைநடை:
எங்கள் தெருமுனை ஜிம்மில் புதுப் பலகை வைத்திருக்கிறார்கள்: “45 நிமிட டபாட்டா வகுப்பு, 600 கலோரி உறுதி.” இதைப் பார்த்துப் பணம் கட்டப் போகிறவர்களுக்காகவே எழுதுகிறேன்.

ஜப்பானிய ஆய்வாளர் இசுமி டபாட்டாவும் குழுவினரும் 1996இல் வெளியிட்ட ஆய்வில் இருந்தது 20 விநாடி உச்ச வேகம், 10 விநாடி ஓய்வு. ஏழெட்டுச் சுற்று, மொத்தம் சுமார் 4 நிமிடம். அதைச் செய்தவர்கள் உடற்கல்வி படித்த இளைஞர்கள். நின்ற இடத்துச் சைக்கிளில், உடல் அதிகபட்ச ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் உழைப்பைப் போல 1.7 மடங்கு (170 சதவீதம்) கடுமையில் மிதித்தார்கள். எட்டாவது சுற்றுக்கு மேல் கால் நகராது. அதே கடுமையில் முக்கால் மணி நேரம் யாராலும் செய்ய முடியாது. செய்ய முடிகிறது என்றால் அது வேறு பயிற்சி.

கலோரிக் கணக்கு அதைவிட மோசம். 55 கிலோ ஆளுக்கும் 90 கிலோ ஆளுக்கும் ஒரே எண் எப்படி வரும்? ஃபீஸ் வாங்குபவர்கள் உண்மையைச் சொல்லி வாங்கட்டும்.

மதுரைக்காரி:
பலகை விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம்தான் சார். ஆனால் அதை வைத்துக் குழு வகுப்பு எல்லாமே ஏமாற்று என்று படிப்பவர்கள் நினைத்துவிடக் கூடாது.

எங்கள் அபார்ட்மெண்ட் மொட்டை மாடியில் காலை 6 மணிக்கு ஜூம்பா, அதாவது பாட்டுக்கு ஆடியே செய்யும் உடற்பயிற்சி. பேட்ச்சில் பாதிப் பேர் ஐம்பதைத் தாண்டிய பெண்கள். கல்யாணத்துக்குப் பிறகு ஓடியதே இல்லை என்கிறவர்கள். இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் யாராவது கதவைத் தட்டி “உடம்பு சரியில்லையா?” என்று கேட்பார்கள். தனியாக நடைப்பயிற்சி ஆரம்பித்து ஒரு வாரத்தில் விட்டவர்கள் இங்கே வருடக்கணக்கில் வருகிறார்கள்.

ஜூம்பா பிறந்ததே அப்படித்தான். 1990களில் கொலம்பியாவின் காலி நகரில் ஏரோபிக்ஸ் வகுப்பு எடுத்த பேட்டோ பெரெஸ், ஒரு நாள் வழக்கமான கேசட்டை மறந்துவிட்டுக் கைவசம் இருந்த சல்சா, மெரெங்கே பாட்டுகளைப் போட்டு ஆடவிட்டார். வந்தவர்களுக்கு அது பிடித்துப் போனது.

2025இல் கேரளப் பள்ளிகளில் போதை எதிர்ப்புத் திட்டத்தின் பகுதியாக ஜூம்பா வந்தபோது சில அமைப்புகள் எதிர்த்தன. பெண் பிள்ளைகள் ஆடி வியர்ப்பதையே தப்பாகப் பார்க்கும் ஊரில், ஆட ஓர் இடம் கிடைப்பது சின்ன விஷயமில்லை.

காலைநடை:
ஆட்டத்தை நான் குறை சொல்லவே இல்லை மேடம். காசு இல்லாதவருக்கும் வழி இருக்கிறது என்பதுதான் என் பேச்சு. தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் 8 கிலோமீட்டர் நடைபாதைகளைத் தொடங்கியது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினால் போதும், யாருக்கும் பணம் கட்ட வேண்டாம். கூட்டம் வேண்டும் என்றால் அங்கேயும் கூட்டம் சேரும்.

ஸ்லெட் தம்பி:
நடை, ஆட்டம் இரண்டோடு ஏன் நிற்கிறீர்கள்? எங்கள் செட் இப்போது ஹைராக்ஸ் வகுப்புக்குப் போகிறது. 2017இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஆரம்பித்த போட்டி, 2025 மே மாதம் மும்பைக்கும் வந்தது. ஒரு கிலோமீட்டர் ஓட்டம், உடனே ஒரு வேலை. இப்படி எட்டு முறை. அந்த வேலைகளில் சில: எடை ஏற்றிய ஸ்லெட் என்ற சறுக்குச் சட்டத்தைத் தள்ளுவது, இழுப்பது, இரண்டு கையிலும் எடை தூக்கி 200 மீட்டர் நடப்பது, கடைசியில் வால் பால், அதாவது கனமான பந்தைச் சுவரில் உயரே எறிந்து பிடிப்பது. எந்த ஊரிலும் ஒரே அளவுதான். போன முறையைவிட நான் தேறினேனா என்பது கடிகாரத்தில் தெரிந்துவிடும். பலத்துக்குப் பலம், மூச்சுக்கு மூச்சு.

இயன்முறை:
நான் பிசியோதெரபிஸ்ட். மூன்று பேரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன்.

உலக சுகாதார அமைப்பின் 2020 வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது. கூடவே, வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் முக்கியத் தசைகளுக்கு வலுப் பயிற்சியும் வேண்டும் என்கிறது. ஜூம்பாவும் நடையும் முதல் பாதிக்குத்தான். அறுபது வயதில் தரையில் உட்கார்ந்தவர் கையூன்றாமல் எழுவதற்குத் தேவை இரண்டாவது பாதி. சாப்பாட்டுக்குப் பின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் ஒரு பெரிய பங்கு போய்ச் சேரும் இடமும் தசைதான். சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு இருக்கும் நம் ஊரில் அந்த இரண்டு நாளை விடவே கூடாது.

தம்பி, ஹைராக்ஸில் எடை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் களைத்த பிறகு கடிகாரத்தோடு போட்டி போட்டுத் தூக்கும்போது முதலில் கெடுவது முதுகின் நிலை. வலு ஏற, எடை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட வேண்டும். இடையில் ஓய்வும் வேண்டும். எடை தூக்குவதையும் வேகத்தையும் கலந்த கிராஸ்ஃபிட் பயிற்சி பரவிய காலத்திலும் இதே விமர்சனம் இருந்தது. போட்டிக்கு முன் அடிப்படையைத் தனியாகக் கற்றுக்கொண்டு போங்கள்.

எனக்குப் பெரிய பயம் புதிதாகச் சேர்கிறவர்களை நினைத்துத்தான். முதல் நாளே பழைய பேட்ச்சின் வேகத்துக்கு ஸ்பின்னிங் வகுப்பில் நின்ற இடத்துச் சைக்கிள் மிதித்து, தொடைத் தசை சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கிய சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. பாட்டு சத்தம், பக்கத்தில் மிதிப்பவர், ‘நிறுத்தினால் என்ன நினைப்பார்களோ’ என்ற கூச்சம், மூன்றும் சேர்ந்துதான் அங்கே கொண்டுபோகின்றன. ஒன்றிரண்டு நாளில் தொடை வீங்கி, தாங்க முடியாமல் வலித்து, சிறுநீர் கடுங்காபி நிறத்தில் போனால் வீட்டு வைத்தியம் பார்க்க வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ஸ்லெட் தம்பி:
கோச் நல்லவராக இருந்தால் இதெல்லாம் நடக்காது சார். எங்கள் கோச் ஸ்லெட்டில் எடை ஏற்றும் முன் வெறும் ஸ்லெட்டையே தள்ளச் சொன்னார். ஒரு சிலர் செய்யும் தவறுக்காகப் பயிற்சியையே குறை சொல்வதை நான் ஏற்கவில்லை.

மதுரைக்காரி:
எங்கள் டீச்சரை எப்படி எடை போடுவது? ஜூம்பா உரிமம் ஒரே நாள் பயிற்சியில் கிடைக்கிறது என்று தெரியும். ஆனால் மிக அன்பானவர்.

இயன்முறை:
நீங்கள் ஆடும்போது அவர் எங்கே பார்க்கிறார் என்று கவனியுங்கள் மேடம். ஜூம்பாவில் டீச்சர் முன்னால் நின்று தானும் ஆடுவார். நாம் பார்த்து ஆடுவோம். ஆட்டத்துக்கு அது போதும். எடை தூக்கும் நாளில் போதாது. அவர் தன் பயிற்சியை நிறுத்திவிட்டு ஒவ்வொருவர் பக்கத்திலும் வந்து முழங்கால், முதுகு பார்த்துத் திருத்த வேண்டும்.

ஜூம்பாவை விட வேண்டாம். வாரம் இரண்டு நாள் மட்டும் அரைமணி நேரத்தை மாற்றுங்கள்: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, டம்பெல்லை இடுப்புவரை இழுப்பது. 12 முறை சுலபமாக வந்தால் எடையைக் கூட்டுங்கள். புதிதாக வருபவர் முதல் இரண்டு வாரம் பாதி வகுப்போடு நிற்கட்டும். ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

காலைநடை:
சரி, வலுப் பயிற்சி வேண்டும் என்பதை ஏற்கிறேன். அதையும் பூங்காவில் சும்மாவே செய்யலாம் என்பதில் மாற்றமில்லை. பலகை விஷயத்தை நான் விடப் போவதில்லை. நாளை ஜிம்முக்குப் போய் அந்த 600 எங்கிருந்து வந்தது என்று கேட்கிறேன். அவர்கள் சொல்லும் பதிலை இங்கேயே எழுதுகிறேன்.