புலியைக் கேட்டார்கள், காண்டாமிருகத்தைச் சொல்கிறேன்

சித்வான் காட்டுக்குப் போய் வந்தேன் என்று சொன்னால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, புலி பார்த்தாயா என்பதுதான். பார்க்கவில்லை. 2022 கணக்கெடுப்பின்படி அங்கே 128 புலிகள் உண்டு. ஆனால் அங்குள்ள யானைப்புல் ஆள் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு வளரும். புலி நம்மைப் பார்த்துவிட்டுப் போயிருக்கும், அவ்வளவுதான். நான் சொல்ல வந்தது, ஜீப் இல்லாமல் அந்தப் புல்லுக்குள் நடந்து போன கதை.

நேபாளத்தின் தெற்கே, இந்திய எல்லையை ஒட்டிய தாழ்நிலத்தில் இருக்கிறது சித்வான். 1973இல் அறிவிக்கப்பட்ட, அந்நாட்டின் முதல் தேசியப் பூங்கா. பூங்காவை ஒட்டிய சௌராஹா என்ற ஊரில் தங்கி, காலையில் ராப்தி ஆற்றில் தோணி ஏறினோம். இலவமரத்தின் அடிமரத்தைக் குடைந்து செய்த தோணி. விளிம்புக்கும் தண்ணீருக்கும் நான்கு விரற்கடைதான் இடைவெளி. ஆடாமல் உட்காருங்கள் என்று தோணிக்காரர் சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மணல்திட்டில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்த முதலையைக் கண்டபிறகு, தும்மல் வந்தவர்கூட அடக்கிக்கொண்டார்.

அக்கரையில் இறங்கியதும் பாடம் தொடங்கியது. முன்னால் ஒரு வழிகாட்டி, பின்னால் ஒருவர். இருவர் கையிலும் மூங்கில் கழி, துப்பாக்கியெல்லாம் கிடையாது. காண்டாமிருகம் துரத்தினால் மரம் ஏறவேண்டும். மரம் இல்லையென்றால் நேராக ஓடாமல் வளைந்து வளைந்து ஓடி, போகிற போக்கில் தொப்பியையோ பையையோ எறியவேண்டும். அதற்குக் கண் மங்கல், மூக்குதான் எல்லாம், எறிந்ததை மோந்து பார்க்க நிற்கும். கரடி வந்தால் சேர்ந்து நின்று கூச்சல் போடவேண்டும். புலி வந்தால் முதுகைக் காட்டாமல் அதன் கண்ணைப் பார்த்தபடியே பின்வாங்கவேண்டும். யானை வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "சாமி கும்பிடுங்கள்" என்றார். சிரிக்கவில்லை.

புல்லுக்குள் கண்ணுக்கு வேலை குறைவு. ஒற்றையடிப் பாதையின் ஓரத்தில் முழங்கால் உயரத்துக்குச் சாணக் குவியல். பல காண்டாமிருகங்கள் ஒரே இடத்தில்தான் வந்து போடுமாம். மேலே கிடந்ததற்கு அருகில் புறங்கையைக் கொண்டுபோன வழிகாட்டி, சூடு இருக்கிறது என்று சைகை காட்டினார். பிறகு ஒரு நாற்றம், தொழுவமும் சேறும் கலந்தது. அடுத்த கணம் அவர் நாக்கைச் சொடுக்கி, தாழ்ந்த கிளைகளுள்ள ஒரு மரத்தைக் கழியால் காட்டினார். எங்களில் ஐம்பதைத் தாண்டியவர்கள் உண்டு. யார் யாரைத் தூக்கிவிட்டார்கள் என்று இன்றுவரை தீர்மானமாகவில்லை.

கன்றும் தாயும். பதினைந்து தப்படி இருக்கும். மூச்சு கொல்லன் துருத்திபோல் கேட்டது. காதுகள் இரண்டும் தனித்தனியாகத் திரும்பின. ஒன்று எங்கள் பக்கம், மற்றொன்று கன்றின் பக்கம். தோளில் சேறு காய்ந்து வெடித்திருக்க, தோல் மடிப்பின் உட்புறம் மட்டும் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. நாங்கள் கொம்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். இந்த இனம் பெரும்பாலும் தாக்குவது கீழ்த்தாடையின் கூரிய பற்களால் என்று வழிகாட்டி பிற்பாடு சொன்னார். முன்பே சொல்லியிருந்தால் இன்னும் இரண்டு கிளை மேலே ஏறியிருப்போம்.

1911இல் தராய் எனப்படும் இந்த நேபாளத் தாழ்நிலத்துக்கு வேட்டைக்கு வந்த பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் குழு 39 புலிகளையும் 18 காண்டாமிருகங்களையும் சுட்டது. வேட்டையைவிடப் பெரிய அடி பின்னால் வந்தது. மலேரியா ஒழிப்புக்குப் பிறகு மலையிலிருந்து மக்கள் இறங்கிக் குடியேற, காடு வயலாயிற்று. 1960களின் இறுதியில் மிஞ்சிய காண்டாமிருகங்கள் ஏறக்குறைய நூறு. 2021இல் சித்வானில் எண்ணியவை 694. ராணுவக் காவலுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. பூங்கா வருமானத்தில் 30 முதல் 50 விழுக்காடு சுற்றுக் கிராமங்களுக்குப் போகும் ஏற்பாட்டைத்தான் நான் அதைவிடப் பெரிதாக மதிக்கிறேன்.

*

மேலே எழுதியவரின் சித்வான் கதையைப் படித்தேன். நான் போனது அசாமிலுள்ள காசிரங்கா தேசியப் பூங்காவுக்கு. அங்கே புல்லுக்குள் நடக்க விடமாட்டார்கள், நாங்கள் போனது ஜீப்பில். பாகோரி சரகத்தில் எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். வண்டித்தடத்தின் நடுவிலேயே அந்தச் சாணக் குவியல் ஒன்று. உரியவர் வந்து, நின்று, நிதானமாகக் காரியத்தை முடிக்கும்வரை ஜீப்புகள் வரிசையாகக் காத்திருந்தன. ஹாரன் அடிக்க ஒருவருக்கும் துணிவில்லை. அசாமில் நம் ஊர்க் கல்யாண மண்டப வாசலைவிட ஒழுங்கான வரிசையை அன்றுதான் பார்த்தேன்.

2022 கணக்குப்படி அங்கே 2613 காண்டாமிருகங்கள். பார்க்காமல் திரும்புவதுதான் அரிது. என்னைக் கேட்டால் பயமுறுத்தியது அதுவல்ல, காட்டு நீரெருமை. காண்டாமிருகம் நம்மை மறந்துவிடும். எருமை தலையை உயர்த்தி, நாம் கண்ணுக்கு மறையும்வரை முறைத்துக்கொண்டே நிற்கும். மழைக்காலத்தில் பிரம்மபுத்திரா பெருகினால் இவையெல்லாம் தேசிய நெடுஞ்சாலையைக் கடந்து கார்பி ஆங்லாங் மேடுகளுக்கு ஏறும். அந்த மாதங்களில் பூங்கா மூடியிருக்கும், ஆனால் சாலை மூடாது. அவ்வழியாகக் காரில் போகிறவர்கள் தயவுசெய்து மெதுவாகப் போங்கள்.

*

முதலில் எழுதியவரின் கதையை ரசித்தேன். ஆனால் நடைப் பயணத்தை இப்படி ஆசை காட்டி எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. சித்வானில் காண்டாமிருகம் தாக்கி ஊர்மக்களும் இறந்திருக்கிறார்கள், வழிகாட்டிகளும் இறந்திருக்கிறார்கள். நமக்கு அது சுவாரசியம். கழியோடு முன்னால் நடப்பவருக்கு அன்றாடப் பிழைப்பு. குழந்தைகளோடும் மூட்டுவலிக்காரர்களோடும் போகிறவர்கள் ஜீப்பிலேயே போகட்டும். சௌராஹாத் தெருவிலேயே சில இரவுகளில் காண்டாமிருகம் உலாவும். விடுதி மாடியிலிருந்து பார்த்தாலும் அது காண்டாமிருகம்தான்.

*

முதலில் எழுதியது நான்தான். நீங்கள் சொல்வது உண்மைதான், மறுக்கவில்லை. மரம் ஏற முடியாதவர்கள் நடக்கவேண்டாம். நடப்பவர்கள் உரிமம் பெற்ற வழிகாட்டிகள் இருவர் வருகிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; ஒருவர் போதும் என்று கூலியைக் குறைத்துப் பேசுகிறவரிடம் போகாதீர்கள். பச்சை, சாம்பல், காக்கி நிற உடை நல்லது. சிவப்பும் வெள்ளையும் வேண்டாம். எந்த மாதம் என்று ஒருவர் கேட்டிருந்தார். குளிர்காலத்தின் கடைசியில் கூரை வேய்வதற்காகச் சுற்றுவட்டார மக்கள் புல் அறுக்க அனுமதி உண்டு. அறுப்பு முடிந்து, எரித்த இடங்களில் புதுத் துளிர் விடும்போது மான்களும் காண்டாமிருகங்களும் வெளிக்கு வரும். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை போங்கள். மழைக்காலத்தில் அட்டைகள்தான் நிறையக் கிடைக்கும்.