200 கி.மீ. மாடலில் கோயம்புத்தூரில் கொட்டும் தென்மேற்குப் பருவமழை: கட்டத்தைச் சின்னதாக்கினால் சரியாகுமா?

யஷ்வந்த்பூர்_பிஜி:
வணக்கம். பெங்களூருவில் எம்.டெக் கடைசி வருஷம். காலநிலை மாடல் பூமியைக் கட்டம் கட்டமாப் பிரிச்சு, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே மழை அளவைக் கணக்கிடும். அப்படி ஒரே மாடலை 200 கி.மீ., 25 கி.மீ. என ரெண்டு கட்ட அளவில் ஓட்டின டேட்டா கையில் இருக்கு. ஜூன்-செப்டம்பர் சராசரி எடுத்து, வானிலைத் துறையின் 0.25 டிகிரி (சுமார் 25 கி.மீ. கட்டம்) மழை டேட்டாவோட ஒப்பிட்டேன்.

200-ல் மேற்குத் தொடர்ச்சி மலையையே காணோம். கேரளக் கரையில் மழை குறைவு, கோவை, திருப்பூரில் கொட்டுது. எங்க ஊர் அவிநாசி. ஆடி மாசம் அங்க காத்துதான் அடிக்கும்னு எங்க அப்பத்தாவுக்கே தெரியும். 25-ல் மலையோரம் அழகா வந்துடுச்சு. ஆனா மத்திய இந்தியா ரெண்டுலயும் வறட்சி. பகல்ல மழையின் உச்சமும் ரெண்டுலயும் மதியம் 12 மணிக்கே. கட்டம் எட்டு மடங்கு சின்னதாகியும் இது ஏன் மாறலை? நான் ஏதாவது தப்பு பண்றேனா?

மழைமானி:
தம்பி, முதல்ல மூணு விஷயம் சொல்லுங்க. மாடலில் மழை ஒரு விநாடிக்கான அளவாத்தான் வரும், ஒரு நாளைக்கு மாத்த 86400-ஆல் பெருக்கினீங்களா? 200 கி.மீ. டேட்டாவை 0.25-க்கு எப்படி மாத்தினீங்க? மாடல் நேரம் ஜிஎம்டி. அதில் 12 மணின்னா நமக்கு மாலை 5.30, அதைக் கவனிச்சீங்களா?

யஷ்வந்த்பூர்_பிஜி:
பெருக்கியாச்சு சார். அஞ்சரை மணி நேரமும் சேர்த்துட்டேன், நம்ம நேரப்படியே மதியம்தான். மாத்தினது சிடிஓ-ங்கற மென்பொருளில் பைலீனியர் முறையில், அதாவது பக்கத்துக் கட்டங்களோட மதிப்பை வெச்சு நடுவில் இருக்கறதை நிரப்பி.

மழைமானி:
அங்கதான் முதல் கோளாறு. 200-ஐ 0.25-க்கு இழுத்தா, இல்லாத நுணுக்கத்தை இருக்கிற மாதிரி காட்டும். தலைகீழாப் பண்ணுங்க: வானிலைத் துறை டேட்டாவையும் 25 கி.மீ. டேட்டாவையும் சிடிஓ-வில் ரீமேப்கான்ங்கற கட்டளை போட்டு 200-க்குக் கொண்டுவாங்க. மொத்த மழை கெடாது. நாள்வாரியாப் பார்த்தா இன்னொண்ணு, வானிலைத் துறையின் ஒரு நாள் காலை 8.30-க்கு முடியும்.

கோலார்_அக்கா:
அது சரி, ஆனா கோவை மழை நிஜமான பிழைதான். கர்நாடகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைமேல இருக்கிற ஆகும்பேயில் வருஷத்துக்கு 7000 மி.மீ.க்கு மேல பெய்யுது. 300 கி.மீ.க்குள்ள இருக்கிற பெங்களூருவில் ஆயிரத்தை ஒட்டி. 200 கி.மீ. கட்டம் ஒண்ணுல கடல், கரை, மலை, மலைக்கு அந்தப் பக்கம் மழை குறையற மழைமறைவு நாலும் அடங்கிடும். ஆனைமுடி 2695 மீட்டர், மாடலுக்குள்ள அது சில நூறு மீட்டர் மேடு. காத்து முட்டி ஏற சுவரே இல்லாதப்ப ஈரம் அப்படியே கிழக்கே போயிடும்.

மதிய மழை கதை வேற. 25 கி.மீ. ஆனாலும் ஒரு இடிமேகம் கட்டத்தைவிடச் சின்னது. அதனால மாடல் மேகத்தை உருவாக்காது, ஒரு சூத்திரம் வெச்சு ஊகிக்கும். தரை சூடானதும் சூத்திரம் உடனே மழையைக் கொட்டிடும். நிஜத்தில் மேகம் வளர நேரம் ஆகும். மே மாசம் சாயங்கால மழையில் பெங்களூரு சில்க் போர்டு சந்திப்புல மாட்டினவங்களைக் கேளுங்க.

அந்தேரி_ஆள்:
2005 ஜூலை 26, மும்பை. ஒரே நாள்ல சாந்தாகுரூஸில் 944 மி.மீ., கொலாபாவில் 75-கூட இல்லை. நடுவில் 25 கி.மீ. அளவுதான்! உங்க நல்ல மாடலுக்கே அது ஒரே கட்டம்.

யஷ்வந்த்பூர்_பிஜி:
சொன்னபடி மாத்திப் பார்த்தேன். கோவை அதிகப்படி மழை பாதிக்குப் பாதி குறைஞ்சுது, ஆனா போகலை. மலையோரம் 25-தான் ஜெயிக்குது. மத்திய இந்தியா இம்மி அசையலை அக்கா. கைடு 12 கி.மீ.க்குப் போகலாம்ங்கறார்.

கோலார்_அக்கா:
போகாதீங்க. கட்டத்தைப் பாதியாக்கினா, மாடல் ஒவ்வொரு தடவையும் முன்னே நகர்ற கால இடைவெளியும் பாதியாகணும், கணக்கீட்டுச் செலவு எட்டு மடங்கு. அங்கயும் அதே சூத்திரம்தான் ஓடும். பல மாடல்களில் நிலநடுக்கோட்டுக் கடல்மேல மழை அதிகம், மத்திய இந்தியாவில் குறைவு. உங்களோடதிலும் கடல் பக்கம் பாருங்க, தொலைஞ்ச மழை அங்க இருக்கலாம். காசு இருந்தா தென்னிந்தியாவுக்கு மட்டும் 4 கி.மீ.யில், அந்தச் சூத்திரத்தை அணைச்சுட்டு, பெரிய மேகங்களை மாடலே உருவாக்கற மாதிரி ஒரு சீசன் ஓட்டுங்க.

மழைமானி:
ஆனா தென்னிந்தியாவை மட்டும் ஓட்டும்போது, அதன் எல்லையில் வெளியிலிருந்து வர்ற காத்து, ஈரம் பத்தின தகவலை அதே உலக மாடல்ல இருந்து எடுத்தா, அதோட காத்துப் பிழையும் கூடவே வரும். மறுபகுப்பாய்வு டேட்டாவை (நிஜ அளவீடுகளை மாடலோட சேர்த்து உருவாக்கின கடந்தகால வானிலைப் பதிவு) எல்லையில் குடுத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்க. அப்பவும் மதியம் 12-க்கே பெய்ஞ்சா திரும்ப வந்து திட்டுங்க.

யஷ்வந்த்பூர்_பிஜி:
கடல் பக்கம் பார்த்தேன். அங்கதான் இருக்கு, ரெண்டு ஓட்டத்திலும். 4 கி.மீ.க்கு ஒரு சீசன் கேட்டிருக்கேன், கம்ப்யூட்டர் க்யூவில் என் முன்னாடி 31 பேர்.