பழைய மடிக்கணினிகளில் இலகு லினக்ஸின் பீட்டா நிறுவல் பாதியில் நிற்கிறது: காரணம் வெளியீடா, கணினியா?

கேள்வி: இலகுமனம்

அனைவருக்கும் வணக்கம். டெபியன் 12-ஐ அடித்தளமாகக் கொண்ட ஓர் இலகு லினக்ஸ் வெளியீட்டின் பீட்டாவை (சோதனைப் பதிப்பை), பயன்பாட்டிலிருந்து ஒதுக்கப்பட்ட இரண்டு மடிக்கணினிகளில் நிறுவ முயன்று வருகிறேன். இரண்டிலும் நிறுவல் முழுமை பெறவில்லை. இரண்டும் நிற்கும் இடம் வேறுவேறாக இருப்பதால், எங்கிருந்து ஆராயத் தொடங்குவது என்று விளங்கவில்லை.

முதலாவது கணினியில் பென்டியம் எம் செயலியும் 1 ஜிபி நினைவகமும் உள்ளன. 32 பிட் பதிப்பைப் பென் டிரைவில் எழுதித் துவக்கினால், துவக்க ஏற்றியான க்ரப்பின் பட்டியல் வருகிறது. முதல் தெரிவை அழுத்தியதும், இந்தக் கர்னலுக்குத் (இயங்குதளத்தின் மையக் கருவுக்கு) தேவையான பிஏஇ வசதி செயலியில் இல்லை என்று பொருள்படும் ஆங்கில வரி தோன்றி, அத்துடன் எல்லாம் நின்றுவிடுகிறது.

இரண்டாவது கணினியில் கோர் 2 டுவோ செயலி, 2 ஜிபி நினைவகம், 160 ஜிபி வன்தட்டு ஆகியவை உள்ளன. இதில் 64 பிட் பதிப்பின் லைவ் (நிறுவாமலே பென் டிரைவிலிருந்து இயங்கும்) மேசைத்தளம் ஒழுங்காகத் திறக்கிறது. ஆனால் நிறுவியை ஓட்டினால், கோப்புகளைப் பிரதி எடுக்கும் கட்டத்தில் பெரும்பாலும் அசையாமல் நிற்கிறது. ஒருமுறை இறுதிவரை சென்று, நிறுவல் முடிந்தது என்றே அறிவித்தது. ஆயினும் மறுதுவக்கம் செய்தபோது கருப்புத் திரையின் மூலையில் ஒரு கோடு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. இதே கணினியின் கடிகாரம் ஒவ்வொரு முறையும் 2007-ஆம் ஆண்டைக் காட்டுவதும், மென்பொருள் பொதிப் பட்டியலைப் புதுப்பிக்க முயன்றால், பொதிகளைத் தரும் இணையக் களஞ்சியத்தின் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்ற பிழை வருவதும் தொடர்புடையவையா என்று அறியேன்.

இவை பீட்டாவின் குறைகள் என்றால் இறுதி வெளியீடு வரும்வரை காத்திருக்கிறேன். கணினிகளின் குறைகள் என்றால் இப்போதே சரிசெய்ய விரும்புகிறேன். நன்றாக இயங்கும் திரையும் விசைப்பலகையும் கொண்ட கணினிகளைக் குப்பையில் போட மனம் வரவில்லை.

மறுமொழி: வேர்ப்பயனர்

நண்பர் இலகுமனம் அவர்களுக்கு வணக்கம். நீங்கள் குறிப்பிட்டவற்றில் பீட்டாவின் பொறுப்பு என்று உறுதியாகச் சொல்லத்தக்கது எதுவும் எனக்குத் தெரியவில்லை. நிற்கும் இடத்தைத் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள், அதுவே பாதி விடை. பயாஸ் (கணினியைத் துவக்கும் உள் நிரல்) பென் டிரைவைக் கண்டுகொள்வது, க்ரப் கர்னலை ஏற்றுவது, கர்னல் வன்பொருளை அறிவது, வரைகலை எழுவது, நிறுவி கோப்புகளைப் பிரதி எடுப்பது, வன்தட்டிலிருந்து முதல் துவக்கம் நிகழ்வது என்று வரிசையாக நடப்பவற்றில், ஒரு கட்டத்துக்கான மருந்து அடுத்த கட்டத்துக்கு உதவாது. முதல் கணினியைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன்.

பிஏஇ என்பது 32 பிட் செயலி 4 ஜிபிக்கு மேற்பட்ட நினைவகத்தையும் அணுகும்படி, முகவரியின் நீளத்தை 36 பிட்டாக நீட்டும் வசதி. 1995-இல் வந்த பென்டியம் புரோவிலேயே அது இருந்தது. 1 ஜிபி மட்டுமே உள்ள கணினிக்கு அது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். தரவுப் பகுதியில் உள்ளதை நிரலாக இயக்கவிடாமல் தடுக்கும் பாதுகாப்பு வசதி, 32 பிட் கர்னலில் பிஏஇயின் பக்க அட்டவணை அமைப்பைச் சார்ந்தே இயங்குகிறது. ஆகவேதான் பல வெளியீடுகள் பிஏஇ கர்னலை மட்டும் தருகின்றன.

இனி உங்கள் செயலியின் சிக்கல். 2003-இல் வந்த பேனியஸ் வகைப் பென்டியம் எம் செயலிகளிலும், அதற்கு அடுத்து வந்த டோத்தன் வகையின் தொடக்கச் செயலிகளிலும் பிஏஇ வசதி உள்ளே இருக்கிறது, ஆனால் தன்னிடம் அது இருப்பதாகச் செயலி அறிவிப்பதில்லை. கர்னல் அந்த அறிவிப்பை மட்டும் பார்த்துவிட்டு, வசதி இல்லை என்று முடிவு செய்து நின்றுவிடுகிறது. இதற்கென்றே 2014 முதல் லினக்ஸ் கர்னலில் ஓர் அளவுரு (துவக்கும்போது கர்னலுக்குத் தரும் அமைப்புச் சொல்) இருக்கிறது. க்ரப் பட்டியலில் முதல் தெரிவின்மீது நின்று 'ஈ' விசையை அழுத்தினால் துவக்க வரிகள் திறக்கும். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் இறுதியில் ஓர் இடைவெளி விட்டு, ஃபோர்ஸ், பிஏஇ என்னும் இரண்டையும் இடைவெளியின்றிச் சிற்றெழுத்தில் ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதி, கன்ட்ரோல் விசையுடன் 'எக்ஸ்' விசையை அழுத்துங்கள். கணினி துவங்கும் என்றே நம்புகிறேன்.

இந்த மாற்றம் அந்த ஒரு துவக்கத்துக்கு மட்டுமே உரியது. நிறுவி அதை வன்தட்டுக்கு எடுத்துச் செல்லும் என்று எண்ணி இருந்துவிட வேண்டாம். நிறுவல் முடிந்தபின் முதல் துவக்கத்திலும் அதே சொல்லைக் கையால் சேர்த்து உள்ளே சென்று, க்ரப்பின் இயல்புநிலைக் கோப்பில் கர்னல் அளவுருக்களுக்கான வரியில் நிரந்தரமாக எழுதி, க்ரப்பைப் புதுப்பிக்கும் கட்டளையை ஓட்ட வேண்டும். இன்னொரு வழியும் உண்டு: டெபியன் 12-இன் களஞ்சியத்தில் பிஏஇ தேவைப்படாத 686 கர்னல் தனிப் பொதியாகவே கிடைக்கிறது. முதல் துவக்கத்துக்குப் பின் அதை நிறுவிக்கொண்டால் அளவுருவே தேவைப்படாது. உங்கள் கணினிக்கு நான் பரிந்துரைப்பது இந்த இரண்டாவது வழியைத்தான்.

மறுமொழி: கர்னல்வாசி

வேர்ப்பயனர் எழுதியதோடு முழுமையாக உடன்படுகிறேன். இரண்டாவது கணினியில் ஒரே குறையல்ல, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று தனிக் குறைகள் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

எளியதை முதலில் முடித்துவிடலாம். கடிகாரம் 2007-ஐக் காட்டுவதற்குக் காரணம், தாய்ப்பலகையில் உள்ள சீமாஸ் மின்கலம் தீர்ந்துபோனது. களஞ்சியத்தின் வெளியீட்டுக் கோப்பில் தேதி பொறிக்கப்பட்டிருக்கும். கணினியின் தேதி அதற்கு முற்பட்டதாக இருந்தால், அந்தக் கோப்பு எதிர்காலத்தில் உருவானது என்று பொருளாகிவிடுவதால் பொதி மேலாளர் ஏற்க மறுக்கிறது. பாதுகாப்பான இணையத் தளங்களின் சான்றிதழ்களும் இதே காரணத்தால் செல்லாதவையாகத் தோன்றும். பயாஸில் தேதியைச் சரிசெய்து, கணினியை அணைக்காமல் நிறுவலைத் தொடங்குங்கள். மின்கலத்தை மாற்றுவதைப் பிறகு செய்துகொள்ளலாம். மின்கலம் மாறும்வரை, கணினி மின்சாரம் இழக்கும் ஒவ்வொரு முறையும் துவக்க வரிசை உள்ளிட்ட பயாஸ் அமைப்புகளும் இயல்புநிலைக்குத் திரும்பிவிடக்கூடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பிரதி எடுக்கையில் நிற்பதுதான் கவனம் தேவைப்படும் குறை. லைவ் பதிப்பின் முழு அமைப்பும் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்னும் ஒரே சுருக்கிய கோப்பாகப் பென் டிரைவில் இருக்கிறது. மேசைத்தளம் திறப்பதற்கு அதன் சில பகுதிகளைப் படித்தாலே போதும்; நிறுவிக்கோ அதன் கடைசி எழுத்துவரை தேவை. ஆகவே, கோப்பின் ஏதோ ஒரு மூலையில் உள்ள சேதம் லைவ் அமர்வில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்து, நிறுவலின்போது மட்டும் வெளிப்படும். நிறுவி நிற்கும்போது முனையத்தைத் திறந்து, டிமெசெக் கட்டளையால் கர்னலின் செய்திகளைப் பாருங்கள். ஸ்குவாஷ்எஃப்எஸ் பிழை என்று வரிகள் இருந்தால், பதிவிறக்கிய கோப்பின் ஷா-256 என்னும் சரிபார்ப்பு எண்ணை வெளியீட்டாளர் தந்துள்ள எண்ணோடு ஒப்பிட்டு, பொருந்தினால் வேறொரு பென் டிரைவில் எழுதுங்கள். அதன்பிறகும் பிழை இடம் மாறி மாறி வந்தால், ஐயம் நினைவகத்தின் பக்கம் திரும்ப வேண்டும். மெம்டெஸ்ட்86+ கருவியை ஓர் இரவு முழுவதும் ஓடவிட்டுப் பார்ப்பது நல்லது.

பிழை ஸ்குவாஷ்எஃப்எஸ் சார்ந்ததாக இல்லாமல், வன்தட்டின் உள்ளீட்டு வெளியீட்டுப் பிழையாக இருந்தால், வன்தட்டு தன் நிலையைத் தானே பதியும் ஸ்மார்ட் அறிக்கையில் மறுஒதுக்கீடு பெற்ற பிரிவுகள், நிலுவையில் உள்ள பிரிவுகள் ஆகிய இரண்டு வரிகளைப் பாருங்கள். நிலுவை எண் சுழியமாக இல்லாத வன்தட்டில் எந்த வெளியீட்டையும் நிறுவுவதில் பயனில்லை. முதலில் வன்தட்டை மாற்றிவிடுங்கள்.

மின்னும் கோடு, வன்தட்டு எப்படிப் பகிரப்பட்டுள்ளது என்பதைக் குறிக்கும் பகிர்வு அட்டவணையைச் சார்ந்தது. அந்தக் காலத்துப் பயாஸ்கள் ஜிபிடி என்னும் புதிய வகை அட்டவணையை அறியாதவை. க்ரப் அதைச் சமாளிக்கும் என்றாலும், அதற்கு 1 எம்பி அளவில், கோப்பு முறைமை எதுவும் இல்லாத பயாஸ் துவக்கப் பகிர்வு ஒன்று வேண்டும். அது இருந்தும்கூட, எம்பிஆரில் (வன்தட்டின் முதல் பிரிவில்) துவக்கக் குறி இடப்பட்ட பகிர்வு இல்லையென்றால் துவங்க மறுக்கும் பயாஸ்கள் உண்டு. 160 ஜிபி வன்தட்டுக்கு ஜிபிடியால் எந்த நன்மையும் இல்லை. நிறுவியில் கைமுறைப் பகிர்வைத் தேர்ந்து, எம்எஸ்டாஸ் வகை அட்டவணையைப் புதிதாக உருவாக்கி, இயங்குதளம் அமரும் வேர்ப் பகிர்வுக்குத் துவக்கக் குறியை இட்டு, க்ரப்பைப் பகிர்வுக்குள் அல்லாமல் வன்தட்டின் தொடக்கத்தில் எழுதச் செய்யுங்கள். இவ்வாறு செய்தால் வன்தட்டில் உள்ள அனைத்தும் அழியும் என்பதால், தேவையானவற்றை முன்பே வேறிடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள்.

தொடர்ச்சி: இலகுமனம்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டாவது கணினியில் டிமெசெக் காட்டியவை ஸ்குவாஷ்எஃப்எஸ் பிழைகளே. ஷா-256 எண் பொருந்தியது. வேறொரு பென் டிரைவில் எழுதியபின் பிரதி எடுக்கும் கட்டம் தடையின்றி முடிந்தது. எம்எஸ்டாஸ் அட்டவணையுடன் நிறுவியதில் வன்தட்டிலிருந்தும் துவங்குகிறது. அதன் வைஃபை மட்டும் இயங்கவில்லை. வன்பொருள் பட்டியலில் பிராட்காம் என்று காட்டுகிறது.

பென்டியம் எம் கணினியும் அந்த அளவுருவால் உயிர்பெற்றது. இருப்பினும் கர்னல் செய்திகள் ஓடி முடிந்ததும் திரை முற்றிலும் இருண்டுவிடுகிறது. நோமோட்செட் என்னும் அளவுருவைச் சேர்த்தால் மேசைத்தளம் தெரிகிறது. ஆனால் நிறுவியைத் திறந்ததும் அது தானாகவே மூடிக்கொள்கிறது.

மறுமொழி: பொதிகாப்பாளர்

வைஃபையைப் பற்றி ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். டெபியன் 12-இன் நிறுவல் வட்டுகளில் கட்டற்றதல்லாத ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள் ஏற்றப்படும் நிரல்) சேர்க்கப்பட்டிருந்தாலும், பழைய பிராட்காம் சில்லுகளுக்கான பி43 ஃபர்ம்வேரை மறுவிநியோகம் செய்ய அனுமதி இல்லாததால், அதைத் தரும் பொதி நிறுவப்படும்போதுதான் கோப்பை இணையத்திலிருந்து இறக்குகிறது. ஆகவே, கம்பிவழி இணைப்பை ஒருமுறை கொடுத்து அந்தப் பொதியை நிறுவுங்கள்.

நிறுவி தானாக மூடிக்கொள்வது ஏறத்தாழ நிச்சயமாக நினைவகப் பற்றாக்குறைதான். லைவ் அமர்வில் நீங்கள் எழுதுபவை அனைத்தும் நினைவகத்திலேயே தங்குகின்றன. மேசைத்தளமும் அங்கேயே இருக்கிறது. அதன்மேல் வரைகலை நிறுவியும் வந்து அமரும்போது 1 ஜிபி போதாமல், கர்னல் பெரிய செயல்முறை ஒன்றைக் கொன்றுவிடுகிறது. டிமெசெக்கில் நினைவகம் தீர்ந்தது என்ற வரி இருந்தால் இதுவே காரணம். நிறுவியைத் திறக்கும் முன், பகிர்வுக் கருவியால் வன்தட்டில் 2 ஜிபி ஸ்வாப் பகிர்வை (நினைவகம் போதாதபோது உதவும் இடத்தை) உருவாக்கி, முனையத்திலிருந்து அதை இயக்குங்கள். துவக்கப் பட்டியலில் அமைப்பு முழுவதையும் நினைவகத்துக்கு ஏற்றும் தெரிவு இருந்தால், இந்தக் கணினியில் அதைத் தொடவே வேண்டாம். எழுத்து முறை நிறுவி கிடைத்தால் இன்னும் நல்லது.

நோமோட்செட்டை நிரந்தரமாக்கிவிடாதீர்கள். அது கர்னல் தானே திரையின் அளவை அமைப்பதை நிறுத்திவைக்கிறது. இன்டெல் வரைகலைக்கான இயக்கி அதையே நம்பி இருப்பதால், நீங்கள் காண்பது பொதுவான வீசா இயக்கியின் படம். திரை தெரியும், ஆனால் நிகழ்படமும் உருட்டலும் செயலியின் முதுகில் ஏறிவிடும். நிறுவியபின் அளவுரு இல்லாமல் துவக்கி, திரை இருண்டால் வேறொரு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் என்னும் தொலைநுழைவு வழியாக நுழைந்து ஜர்னல் பதிவை (கணினியின் நிகழ்வுக் குறிப்பை) சேமியுங்கள்.

நிறுவலுக்குப் பின், இசட்ரேம் வசதியைப் பொதியாக நிறுவி இயக்குங்கள். நினைவகத்தின் ஒரு பகுதியையே சுருக்கிய ஸ்வாப்பாக மாற்றும் அது, சுழலும் வன்தட்டுக்குச் செல்வதைவிடப் பன்மடங்கு விரைவானது. உங்களுடையது ஒற்றைக் கருச் செயலி என்பதால், சுருக்க முறையாக எல்இசட்4-ஐத் தேர்வு செய்யுங்கள். உலாவியைப் பொறுத்தவரை, பென்டியம் எம் செயலியில் எஸ்எஸ்இ2 கட்டளைத் தொகுதி இருப்பதால் ஃபயர்ஃபாக்ஸ் ஓடும். அது இல்லாத பென்டியம் 3 போன்றவற்றில் ஓடாது. இருந்தாலும், ஒரே நேரத்தில் பல தாவல்களைத் திறக்கும் பயன்பாட்டுக்கு இக்கணினியை ஒதுக்காமல், எழுத்துப் பணிக்கும் இசைக்கும் வைத்துக்கொள்வதே பொருத்தம்.

காத்திருக்க வேண்டுமா என்ற உங்கள் முதற்கேள்விக்கும் விடை தர விரும்புகிறேன். டெபியன் 13-இல் 32 பிட் கணினிகளுக்கான கர்னலும் நிறுவியும் கைவிடப்பட்டுவிட்டன. எனவே பென்டியம் எம் போன்றவற்றை இன்னும் தாங்கும் வெளியீடுகள் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகின்றன. அவற்றில் ஒன்று பீட்டா நிலையில் இருக்கும்போதே சோதித்துச் சொல்பவர்கள் மிகச் சிலர். வெளியீட்டாளரின் மேசையில் அந்தப் பழைய கணினி இருக்க வாய்ப்பில்லை. இந்த இருண்ட திரை ஒன்றுதான் உங்கள் குறைகளில் வழுவாக இருக்கக்கூடியது. அதை அறிவிக்காமல் காத்திருந்தால் இறுதி வெளியீட்டிலும் அது அப்படியே இருக்கும்.

அறிவிக்கும் முன், அதே குடும்பத்தின் முந்தைய நிலையான வெளியீட்டை லைவ் முறையில் துவக்கி, அங்கும் திரை இருள்கிறதா என்று பாருங்கள். அங்கே தெரிந்து இங்கே இருண்டால், இடையில் நடந்த மாற்றத்தில் குறை இருக்கிறது என்பதை உங்கள் அறிக்கையே நிறுவிவிடும். பீட்டா கோப்பின் முழுப் பெயர், கர்னல் பதிப்பு, எல்எஸ்பிசிஐ கட்டளை காட்டும் வரைகலைச் சில்லின் அடையாள எண், பயன்பாட்டில் உள்ள இயக்கி, ஜர்னல் பதிவு ஆகியவற்றை முழுமையாக இணையுங்கள். திரையின் ஒளிப்படத்தைவிட எழுத்து வடிவப் பதிவே தேடுவதற்கு உதவும். மேலும், பிஏஇயை வலிந்து இயக்கிய கர்னல், தன்னைக் கறைபட்டதாக (வழக்கமான நிலையில் இல்லாததாக) குறித்துக்கொள்கிறது. அதைக் காரணம் காட்டி அறிக்கையை ஒதுக்கிவிட வாய்ப்புண்டு. ஆகவே, வேர்ப்பயனர் சொன்ன 686 கர்னலை நிறுவி, அளவுரு இல்லாமல் துவக்கியும் அதே இருள் வருகிறதா என்று சோதித்து, அந்தப் பதிவையே அனுப்புங்கள்.