புதுப்பிப்பு: தலசீமியா, தங்கச்சியின் மச்சை அண்ணனுக்குப் பொருந்தியது

மகனுக்குத் தலசீமியா மேஜர் (அடிக்கடி இரத்தம் ஏற்ற வேண்டிய பரம்பரை இரத்த நோய்), அவன் தங்கச்சியும் கெரியர் (நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவள்), அவள் எலும்பு மச்சை கொடுக்கலாமா என்று 2 வருடத்துக்கு முன் களுவாஞ்சிகுடியிலிருந்து கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. "கெரியர் என்பது தடையில்லை, முதலில் எச்எல்ஏ (இருவரின் திசு வகையும் பொருந்துமா என்ற பரிசோதனை) பாருங்கள்" என்று ஓர் அக்கா எழுதியதுதான் கைகொடுத்தது. கூடப்பிறந்த ஒருவர் முழுதாகப் பொருந்த 25 வீத வாய்ப்புத்தான், எங்களுக்குப் பொருந்தியது. மச்சை மாற்றி 19ஆம் நாள் வெள்ளணு ஏறத் தொடங்கியது. கடைசியாக இரத்தம் ஏற்றி இப்போது 14 மாதம்.

எதிர்பாராதது: இரத்தம் பி வகையாக இருந்தவன் தங்கச்சியைப் போல ஓ ஆகிவிட்டான். கிளினிக் கொப்பியில் சிவப்புப் பேனையால் வெட்டி எழுதினார்கள். அப்புறம், இவ்வளவு நாளும் ஏற்றிய இரத்தத்தால் உடம்பில் சேர்ந்த இரும்பு தானாகப் போகாதாம். அதைக் குறைக்க மாதாமாதம் இரத்தம் எடுக்கிறார்கள். ஏற்றித் திரிந்தவனிடம் எடுப்பது! சின்ன வயதுத் தடுப்பூசிகளும் திரும்ப முதலிலிருந்து.