சொந்த டொமைனுக்கு இரண்டாவது எம்எக்ஸ் (மெயிலை வாங்கும் சர்வர்) வேண்டுமா?

வைகைக்கரை:
"பேக்கப் மெயில் சர்வர் இல்லாதவர் என்றைக்காவது மெயிலை இழப்பார்" என்று பக்கத்து இழையில் ஒருவர் எழுதியிருக்கிறார். வீண் பயமுறுத்தல். உங்கள் சர்வர் படுத்துவிட்டால், அனுப்பும் சர்வர் மெயிலைத் தன் க்யூவில் (காத்திருப்பு வரிசையில்) வைத்துத் திரும்பத் திரும்ப முயலும். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளில் இயல்பாகவே 5 நாள். அதற்குள் சர்வரை எழுப்ப முடியாதவர் இரண்டாவதை எப்படிப் பராமரிப்பார்?

குமுளிக்காற்று:
எழுதியது நான்தான், பெயர் சொல்லியே கேட்கலாம். ஊரெல்லாம் போஸ்ட்ஃபிக்ஸா ஓடுகிறது? எக்ஸிம் என்ற இன்னொரு மென்பொருளின் இயல்பு விதி: முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, 16 மணி வரை இடைவெளி ஒன்றரை மடங்காக நீளும், பிறகு 6 மணிக்கு ஒருமுறை, 4 நாளில் கைவிடும். 5 இல்லை, 4. சர்வர் 17ஆம் மணியில் எழுந்தாலும் அடுத்த முயற்சிக்குக் காத்துக் கிடக்க வேண்டும். பேக்கப் என் கையில் இருந்தால் 'போஸ்ட்க்யூ -எஃப்' (க்யூவில் இருப்பதை உடனே அனுப்பும் கட்டளை) அடித்ததும் எல்லாம் வந்துவிடும்.

வைகைக்கரை:
மெயில் அனுப்பும் விதிகளைச் சொல்லும் ஆர்எஃப்சி 5321 ஆவணம் சொல்வதே குறைந்தது 4, 5 நாள்தான். உங்கள் பேக்கப்பும் அதே 5 நாளில் மெயிலைத் திருப்பி அனுப்பிவிடும், தெரியுமா?

குமுளிக்காற்று:
போஸ்ட்ஃபிக்ஸ் அமைப்பில் மேக்ஸிமல்_க்யூ_லைஃப்டைம் என்று ஒரு வரி இருக்கிறது. 20 நாள் என்று வைத்தால் தீர்ந்தது.

வைகைக்கரை:
பேக்கப்பின் ரிலே_டொமைன்ஸில் (எந்த டொமைன்களுக்கு மெயில் வாங்கலாம் என்ற பட்டியல்) டொமைனைப் போட்டுவிட்டு, ரிலே_ரிசிபியண்ட்_மேப்ஸை (செல்லுபடியாகும் முகவரிகளின் பட்டியல்) காலியாக விடுகிறவர்கள்தான் அதிகம். அப்போது இல்லாத முகவரிக்கு வரும் மெயிலையும் பேக்கப் வாங்கிக்கொள்ளும். ஸ்பாம் ஆட்கள் 10 எண் எம்எக்ஸ் (முதன்மை) உயிரோடு இருக்கும்போதே 20இன் (பேக்கப்பின்) கதவைத்தான் தட்டுவார்கள். பேக்கப் அனுப்புவதை முதன்மை சர்வர் 550 (நிரந்தர மறுப்பு) சொல்லி மறுக்கும். பேக்கப் அதைப் போலி அனுப்புநருக்குத் திருப்பும். கடைசியில் உங்கள் ஐபி கறுப்புப் பட்டியலில். இதெல்லாம் எதற்கு? 5 நாள் இருக்கிறதே.

நிலாரூட்:
முகவரி உண்டா என்று முதன்மையிடம் கேட்டு, இல்லாததை மறுக்கும் ரிஜெக்ட்_அன்வெரிஃபைட்_ரிசிபியண்ட் போட்டால் போதாதா?

வைகைக்கரை:
போதாது. முதன்மை படுத்திருக்கும்போது விசாரிக்க ஆளில்லை. முன்பே சரிபார்த்துச் சேமித்த முகவரி மட்டும் தேறும், மற்றதற்கு 450 (தற்காலிக மறுப்பு). பேக்கப் தேவைப்படும் நேரத்தில்தான் அது கைவிரிக்கும். முகவரிப் பட்டியலை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியால் பேக்கப்புக்கு நகலெடுத்து, அதை போஸ்ட்ஃபிக்ஸ் படிக்கும் வடிவமாக்கும் 'போஸ்ட்மேப்' ஓட்டுவதே வழி.

குமுளிக்காற்று:
அதைத்தான் நான் செய்யச் சொன்னேன். கூடவே முதன்மையின் எஸ்பிஎஃப் சோதனையிலிருந்து (அனுப்பும் ஐபிக்கு அந்த டொமைனின் அனுமதி உண்டா என்று பார்ப்பது) பேக்கப் ஐபிக்கு விலக்கு தர வேண்டும். இல்லையேல் நல்ல மெயிலும் தோற்கும். போன இழையில் அந்த ஐபியை மைநெட்வொர்க்ஸில் (நம்பகமான ஐபிகளின் பட்டியலில்) சேர்க்கச் சொன்னவர் யார்? பேக்கப் வழியாக வரும் ஸ்பாம் எல்லாம் சோதனையின்றி உள்ளே போகும்.

வைகைக்கரை:
பழைய கதை எதற்கு? நீங்கள் போட்ட சோன் கோப்பில் (டொமைனின் டிஎன்எஸ் பதிவுகள் உள்ள கோப்பில்) எம்எக்ஸ் பெயரின் கடைசியில் புள்ளியே இல்லை. டொமைன் இரண்டு முறை ஒட்டிக்கொள்ளும். அந்தப் பேக்கப்பை எவரும் கண்டுபிடிக்க முடியாது.

குமுளிக்காற்று:
இங்கே ஒட்டும்போது விடுபட்ட புள்ளி. எக்ஸிமின் 4 நாளுக்கு மட்டும் பதில் இல்லை.

வைகைக்கரை:
5 நாள் என்று எத்தனை முறை சொல்வது? புள்ளியை வைத்துவிட்டு சோன் கோப்பின் சீரியல் எண்ணையும் (பதிப்பு எண்) ஏற்றுங்கள், இல்லையென்றால் இரண்டாம் டிஎன்எஸ் சர்வர் பழையதையே சொல்லிக்கொண்டிருக்கும்.